சியெம் ரீப்பில் ஏழு இரவுகள்: கோயிலுக்குப் போட்ட திட்டமும் சாப்பாட்டுக்குப் போடாத திட்டமும்

ஐம்பத்திரண்டாம் வயதில்தான் நான் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தேன். 2025 ஜனவரியில் என் மனைவியும் நானும் கம்போடியாவுக்குச் சென்று, அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரில் ஏழு இரவுகள் தங்கித் திரும்பினோம். புறப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, எந்த நாளில் எந்தக் கோயில், எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுவது என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். சாப்பாட்டைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி: "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." அந்தப் பயணத்தில் நாங்கள் பட்ட சங்கடங்களில் பாதிக்கு அந்த வரிதான் காரணம்.

நான் நாகப்பட்டினம் பக்கத்தைச் சேர்ந்தவன்; கருவாட்டு வாசனையில் வளர்ந்தவன்; ஆட்டிறைச்சியும் மீனும் உண்பேன், மாடும் பன்றியும் உண்பதில்லை. என் மனைவி எட்டு ஆண்டுகளாகச் சைவம், முட்டையும் தொடமாட்டார். இப்படி இரண்டு நாக்குகளோடு ஓர் அயல்நாட்டுக்குப் போகிறவர்கள் விமானச்சீட்டுக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரித்திருக்க வேண்டும்.

முதலில் காகித வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழர்களுக்கு இதில் வரும் பெரிய சிக்கல் இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலும், ஆதாரில் தந்தை பெயரின் விரிவும், வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமலும் இருந்த என் மனைவியின் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவே ஏழு வாரங்கள் ஆயின. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படிப் பிரித்து அச்சாகியிருக்கிறதோ, அதே பிரிப்பில் எழுத்துப் பிசகாமல் விமானச்சீட்டிலும் விசா விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். கம்போடியச் சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் 30 டாலர். அங்கே இறங்கியும் வாங்கலாம், முன்கூட்டியே இணையத்திலும் வாங்கலாம். முதல் பயணம் என்பதால் நாங்கள் இணையத்தில் வாங்கி, இரண்டு பிரதிகள் அச்செடுத்துக்கொண்டோம். விமானத்தில் வந்து இறங்குபவர்கள் பயணத்துக்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அன்று.

விமானச்சீட்டில்தான் தவறு செய்தேன். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு சீட்டும், அங்கிருந்து சியெம் ரீப்புக்கு வேறொரு நிறுவனத்தில் மற்றொரு சீட்டும் தனித்தனியாக வாங்கியதில் நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சமானது என்று பெருமைப்பட்டேன். சென்னைக் கவுண்டரில்தான் விஷயம் தெரிந்தது: பெட்டி கோலாலம்பூரோடு நின்றுவிடும், நாங்கள் மலேசியாவுக்குள் முறைப்படி நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் வரிசையில் நின்று அடுத்த விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போது இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா விலக்கு இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அந்த நாட்டின் வருகைப் படிவத்தைக் கவுண்டர் அருகே தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் நிரப்ப வேண்டியிருந்தது. இடைவெளி ஆறு மணி நேரம் இருந்ததால் இரண்டாவது விமானம் கிடைத்தது. முதல் பயணத்துக்குப் பெட்டி கடைசி ஊர்வரை போய்ச் சேரும் ஒற்றைச் சீட்டே நல்லது. பணம் கூடினாலும் கூடட்டும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கம்போடியாவின் நாணயம் ரியெல்; ஆனால் அமெரிக்க டாலர் எல்லா இடத்திலும் செல்லும். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். டாலரில் கொடுத்தால், ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறை ரியெல் தாளாக வரும். அவர்கள் டாலர் தாளை விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்கள். ஓரத்தில் மெல்லிய கிழிசல் இருந்தாலும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஊரில் எங்களுக்குக் கட்டாகக் கொடுத்த நோட்டுகளில் இருந்த ஓர் ஐம்பது டாலர் தாள் ஏழு நாளும் யாரிடமும் போகாமல் எங்களோடே திரும்பி வந்தது. வாங்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பார்த்து, ஒன்று, ஐந்து, பத்து டாலர் தாள்களாகக் கேட்டு வாங்குவது நல்லது.

சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. பழைய நிலையம் ஊரை ஒட்டி இருந்தது; புதியது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு இறங்கி, காரில் ஒரு மணி நேரம் பயணித்து விடுதிக்கு வந்தபோது பசியைத் தவிர வேறு நினைவில்லை. வெளிநாட்டவர் கூடும் தெருவில் திறந்திருந்த ஓர் உணவகத்தில் கம்போடியாவின் புகழ்பெற்ற உணவான அமொக்கைக் கேட்டேன். வாழையிலைத் தொன்னையில் தேங்காய்ப்பால் மீன் குழம்பு வந்தது. சற்று இனிப்பு, காரமே இல்லை, மோசமும் இல்லை. ஆனால் அமொக் குழம்பு அன்று என்பதை ஐந்தாம் நாளில்தான் அறிந்தேன். முறையான அமொக்கில் மீனும் அரைத்த மசாலாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்து, வாழையிலைக்குள் ஆவியில் நிதானமாக வெந்து, கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்துக்கு இறுகியிருக்கும். அடியில் நுணா இனத்து இலையை விரித்திருப்பார்கள். அதன் இலேசான கசப்புதான் தேங்காய்ப்பாலின் இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. வாணலியில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துத் தொன்னையில் ஊற்றித் தருவது வேறு. கேட்ட பத்து நிமிடத்தில் அமொக் வந்துவிட்டால், அது பெரும்பாலும் அந்த வேறுதான்.

அந்த இரவு என் மனைவி வெறும் சோற்றையும், நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயையும் உண்டார். "காய் வறுவல்" என்று வந்த தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் மூக்கு சரியாகவே சொன்னது. அதில் மீன் சாறு ஊற்றியிருந்தார்கள். துக் த்ரெய் என்னும் அந்த மீன் சாறு அங்கே உப்புக்கு நிகர்.

அடுத்த இரண்டு விடியற்காலையும் நோட்டுப் புத்தகத்தின்படி நடந்தன. அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். சூரிய உதயத்துக்காக நாலரைக்கே கிளம்பினோம். அங்கிருந்து அடுத்த கோயில், அதிலிருந்து அடுத்தது என்று நடந்து, பத்தரை மணிக்கு ஊருக்குள் வந்து, கம்போடியர்களின் காலை உணவான நும் பாஞ்சொக் எங்கே கிடைக்கும் என்று எங்கள் துக்துக் ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் மூன்று இடங்களுக்கு அழைத்துச் சென்றார். மூன்றிலும் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாளும் அதே கதை. நம் ஊரில் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து "சூடான இட்லி வேண்டும்" என்று கேட்டால் கடைக்காரர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள். அந்நாட்டின் நல்ல உணவுகளில் பல விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகின்றன. நானோ அந்த நேரத்தைக் கல்லுக்குக் கொடுத்திருந்தேன்.

அதற்கான தீர்வு என் சட்டைப்பையிலேயே இருந்தது. அங்கோர் நுழைவுச்சீட்டில் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என்று மூன்று வகை உண்டு. நம் படத்தை அதிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். நாங்கள் வாங்கியது மூன்று நாள் சீட்டு. அதைத் தொடர்ந்து மூன்று நாள் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்று அன்று ஓட்டுநர்தான் சொன்னார். அன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பக்கங்களை அடித்துவிட்டு, காலையைச் சாப்பாட்டுக்கும், சீட்டில் மிச்சமிருந்த ஒரு நாளின் பிற்பகலைக் கோயிலுக்கும் என்று மாற்றி எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, பந்தியாய் ஸ்ரெய் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ப்ரேயா தாக் என்ற கிராமத்தில் இருந்தோம். நும் பாஞ்சொக்குக்குப் பெயர்போன ஊர் அது. ஊறிய அரிசியைக் கல்லில் அரைத்து, மாவைத் துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வடித்து, உருண்டை பிடித்து அரைவேக்காடாக அவித்து, உரலில் இடித்துப் பிசைந்து, அடியில் துளையிட்ட அச்சில் போட்டுக் கொதிநீரின்மேல் அழுத்துகிறார்கள். நம் சேவை பிழியும் வேலைதான். ஆனால் இவர்களுடைய மாவு இலேசாகப் புளித்தது. நீரில் விழுந்த நூல்களைக் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, ஓர் அம்மையார் அவற்றை இரண்டு விரலில் சுற்றி, பூக்காரர்கள் சரத்தைச் சுருட்டுவதுபோல் ஒரே அளவாகச் சுருட்டிச் சுருட்டிக் கூடையில் அடுக்கினார். பேசிக்கொண்டேதான் செய்தார்; கையைப் பார்க்கவே இல்லை.

அந்தச் சுருள்கள் இரண்டைக் கிண்ணத்தில் வைத்து, மேலே வாழைப்பூ, வெள்ளரி, முளைப்பயறு, அல்லித்தண்டு, பெயர் தெரியாத கீரைகள் நாலைந்து என்று குவித்து, பசுமஞ்சள் நிறத்தில் ஒரு மீன் குழம்பை ஊற்றித் தந்தார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான அரைப்பின் பெயர் க்ரெயுங். எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள், பூண்டு, சிறிய வெங்காயம், நாரத்தை இலையை நினைவூட்டும் ஒருவகை எலுமிச்சையின் இலை ஆகியவற்றை உரலில் இடித்துச் செய்வது. அந்நாட்டுச் சமையலில் நம் குழம்புப் பொடியின் இடம் அதற்கு. குழம்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கொதிக்கக் கொதிக்க எதிர்பார்க்கக் கூடாது. மிளகாய் தனியாக ஒரு தட்டில் இருக்கும். வேண்டியவர் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். தாய்லாந்து உணவைப்போல் இதுவும் எரியும் என்று பயந்திருந்தேன். அந்தப் பயம் தேவையற்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வருவதற்குமுன் நமக்கும் அவர்களுக்கும் காரம் என்றால் மிளகுதான். அவர்கள் இன்னும் முழுதாக மிளகாய்க்கு மாறிவிடவில்லை. தென்கடற்கரைப் பகுதியான கம்போட்டின் மிளகு புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பொடித்து உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து, சுட்ட மீனுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். இந்தப் பயணத்தில் என் நாக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் சுவை அது.

தயங்கியது ப்ரஹொக் என்னும் மீன் விழுதிடம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பிடிபட்டால்தான் கம்போடியச் சாப்பாடு பிடிபடும். தொன்லே சாப் என்னும் பெரிய ஏரி நாட்டின் நடுவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகோங் ஆற்றின் வெள்ளம் இணைப்பாற்றின் வழியே எதிர்த்திசையில் ஏறி ஏரியைப் பல மடங்கு விரிவாக்குகிறது. நவம்பர் வாக்கில் நீர் திரும்பி வடிகிறது. நீரோடு மீனும் வருகிறது, அதுவும் உண்டு முடிக்க முடியாத அளவில். விரல் நீளமே உள்ள த்ரெய் ரியெல் என்ற அந்த மீனைத் தலை கிள்ளிக் கழுவி, நசுக்கி, ஒரு நாள் வெயிலில் வைத்து, உப்பிட்டுச் சாடியில் அடைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஊறி, சாம்பல் நிற விழுதாகும் அதுதான் ப்ரஹொக். நாங்கள் போன ஜனவரி, புது ப்ரஹொக் போடும் பருவம்.

நான்காம் நாள் காலை ப்சார் லூ சந்தையில், பெரிய பெரிய வாளிகளில் அது குவிந்திருந்த வரிசைக்குள் நுழைந்தோம். கருவாட்டுக்காரனான எனக்கே ஒரு கணம் கால் பின்வாங்கியது. கருவாட்டின் வாசனை காய்ந்த வாசனை. இது ஈரமான, கனத்த, தொண்டைவரை இறங்கும் வாசனை. என் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பழக்கடைப் பக்கம் போய்விட்டார். ஆனால் அதே ப்ரஹொக்கை எலுமிச்சைப்புல்லோடு கலந்து, வாழையிலையில் பொதிந்து, கரி நெருப்பில் சுட்டு, பச்சைக் கத்தரிக்காய்த் துண்டுகளோடும் சோற்றோடும் தந்தபோது, அந்த வாசனை எங்கோ போய், உப்பும் ஆழமும் மட்டும் நின்றன. முதல் தடவை உண்பவர் அதைத் தனியாக நக்கிப் பார்க்கக் கூடாது. நம் ஊறுகாயை ஒருவர் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கடுகளவு ப்ரஹொக், கைப்பிடி சோறு என்பதே கணக்கு.

இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு நான்கு சொற்கள் போதும். சாச் என்றால் இறைச்சி, த்ரெய் என்றால் மீன், சாச் ச்ரூக் பன்றி, சாச் கோ மாடு. கடைசிச் சொல்லை நாம் மறக்க வழியே இல்லை. "ஒத்" என்று முன்னால் சேர்த்தால் "இல்லாமல்" என்று பொருள்படும். ஆனால் சொற்களைவிட எழுதிய அட்டையே பயன்பட்டது. இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு, ப்ரஹொக் ஐந்தும் வேண்டாம் என்று விடுதிப் பெண் அந்நாட்டு மொழியான கெமரின் எழுத்தில் எழுதித் தந்தார். பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்த லிபி அது. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தச் சுழிகளைப் பார்க்க நமக்கு அந்நியமாகத் தோன்றாது. மீன் சாற்றையும் ப்ரஹொக்கையும் தனியாக எழுதாவிட்டால் அட்டை வீண். அவற்றை யாரும் மீனாக எண்ணுவதில்லை. நாம் பெருங்காயத்தைக் காயாக எண்ணாததுபோல.

அதன்பின் என் மனைவி பட்டினி கிடக்கவில்லை. மூங்கில் குழாயில் ஒட்டரிசி, பயறு, தேங்காய்ப்பால் சேர்த்துச் சுடும் க்ரலான், வாழைப்பழம் வைத்து இலையில் கட்டி அவித்த ஒட்டரிசிப் பண்டம், பூண்டு மட்டும் போட்டு வதக்கிய வள்ளைக்கீரை என்று அவர் எனக்குமுன்னே கடைகளைக் கண்டுபிடித்தார். ஆனால் அவரை அந்த ஊரோடு சேர்த்து வைத்தது பனைதான். பனை நம் மாநில மரம். அவர்களுக்கும் அது தேசிய மரம். ப்ரேயா தாக் சாலையோரம் பெரிய இரும்பு வாணலிகளில் பனஞ்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கணு கணுவாகக் கிளை நறுக்கிய ஒற்றை மூங்கிலை மரத்தோடு கட்டி, அதையே ஏணியாக்கி ஏறுகிறார்கள். சாறு புளிக்காமல் இருக்க நாம் சுண்ணாம்பு தடவுகிறோம். அவர்கள் மூங்கில் குழாய்க்குள் ஒரு மரத்தின் சிறாய்களைப் போட்டுவைக்கிறார்கள். நாம் சிரட்டையில் ஊற்றுவதை அவர்கள் ஓலை வளையங்களில் ஊற்றிச் சிறு வில்லைகளாக எடுக்கிறார்கள். பக்கத்துக் கடையில் நும் ஆகோர் த்னோத் என்ற மஞ்சள் நிறப் பண்டம் இருந்தது. கனிந்த பனம்பழச் சதையை அரிசி மாவோடும் தேங்காய்ப்பாலோடும் பிசைந்து அவித்தது. ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் உண்ட பனங்காய்ப் பணியாரத்தின் வாசனை அதில் அப்படியே வந்தது. பொரிக்காமல் அவித்தது ஒன்றுதான் வேறுபாடு.

ஐந்தாம் நாள் ஓட்டுநர் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். தூண்கள்மேல் நின்ற மர வீடு; அதன் கீழிருந்த நிழலில் மூங்கில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். அவர் தாயார் கேட்ட முதல் கேள்வி "ஞாம் பாய் ஹாய் ரு நவ்?" என்பது. சோறு சாப்பிட்டாயிற்றா என்று பொருள். அங்கே அதுதான் நலம் விசாரிப்பு. முதல் இரவு உண்டது அமொக்கே இல்லை என்று எனக்குப் புரியவைத்த அமொக்கை அன்று காலையே அவித்து வைத்திருந்தார். அதோடு எனக்காகச் சம்லோர் கோர்க்கோ செய்தார்: பப்பாளிக்காய், வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய், கீரைகள், மீன் எல்லாம் சேர்ந்த குழம்பு, வறுத்துப் பொடித்த அரிசியைத் தூவித்தான் அதைத் திக்காக்குகிறார்கள். என் மனைவிக்காக மீனும் ப்ரஹொக்கும் இல்லாமல் தனிச் சட்டியில் அதையே வைத்தார். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு, பரிதாபமாகத் தலையை ஆட்டினார். என் மனைவியோ இரண்டு முறை வாங்கி உண்டார். அங்கே குழம்பையும் சோற்றையும் பிசைவதில்லை. கரண்டியும் முள்கரண்டியும்தான், குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும். நாங்கள் கையால் உண்டதை அந்த மூதாட்டி ரசித்துப் பார்த்துவிட்டு, தானும் ஒரு வாய் அப்படியே உண்டார்.

அன்று பிற்பகல் பேயோன் கோயிலுக்குப் போனோம். வெளிச்சுற்றின் தெற்குச் சுவரில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களில் அடுப்பு, பானை, குச்சியில் கோத்துச் சுடும் துண்டுகள், சந்தை, படகுக்கடியில் நெளியும் மீன்கள் என்று எல்லாம் இருக்கின்றன. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் சிற்பம் என்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன். அன்று காலை மூங்கில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்த சமையலறை அந்தச் சுவரில் இருந்ததால், நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஏப்ரல் நடுவில் வரும் அவர்களுடைய புத்தாண்டிலும் (நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது), முன்னோருக்குச் சோற்று உருண்டை படைக்கும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலான ப்சும் பென் நாள்களிலும் சமைப்பவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் சிறு கடைகள் மூடிக் கிடக்கும். கோயில்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். நடுவில் துளையுள்ள உருளைப் பனிக்கட்டி தொழிற்சாலையில் செய்தது. உடைத்த பாளப் பனிக்கட்டியை நாங்கள் தவிர்த்தோம். கடைக்காரரை "பொங்" என்று அழைத்தால் போதும். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்.

ஊர் திரும்பும் நாளில் மிளகும் பனைவெல்ல வில்லைகளும் பெட்டிக்குள் போயின. சந்தையில் நான் ரகசியமாக வாங்கி, நான்கு பையில் சுற்றிவைத்திருந்த ஒரு டப்பா ப்ரஹொக்கை மட்டும் என் மனைவி வெளியே எடுத்து வைத்துவிட்டார். அது ஏறினால் தான் ஏறப்போவதில்லை என்றார். விமான நிலைய வாசலில் அதை ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து, விரலால் கிளறி, முகர்ந்து பார்த்துவிட்டு, "எத்தனை ரியெல் கொடுத்தீர்கள், பொங்?" என்று கேட்டார். சொன்னேன். இது முள்ளோடு போட்டது, குழம்புக்குத்தான் ஆகும், சுட்டுத் தின்ன முள் எடுத்த சதை ப்ரஹொக் தனியாக உண்டு, அடுத்த முறை என்னைக் கேட்காமல் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தம் இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.